ஓடக்கரையில் நான்கு விநாடி

காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலையை ஆணி இழுத்துவிட்டாலும் சரி, எலி கடித்துவிட்டாலும் சரி, கடைக்காரர்கள் சொல்லுவது ஒரே பேர்தான். ஜான் பாஷாவிடம் கொடு என்பார்கள். ஓட்டை விழுந்த இடத்தில் அதே நிறத்து இழையை ஊசியில் கோத்து, நெடுக்கே ஓடுகிற பாவோடு பாவாக, குறுக்கே ஓடுகிற ஊடையோடு ஊடையாக ஓட்டி, கிழிசல் இருந்ததே தெரியாமல் மூடுகிற வேலை. ரஃபு என்று பேர். அவருடைய அப்பா கரீம் பாஷாவும் அதே வேலைதான். கரீம் பாஷாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் மாமனார், அதாவது ஜான் பாஷாவின் அம்மாவைப் பெற்றவர். ஊசிப்பெட்டி ஒன்றோடு ஆற்காட்டிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த மனுஷன்.

வெள்ளிக்கிழமை மட்டும் ஜான் பாஷா ஊசியைத் தொடமாட்டார். ஜும்மா தொழுகை முடிந்து வந்து, மனைவி ஜஹனாரா போட்ட சோற்றைச் சாப்பிட்டு, ஜன்னலில் பழைய கம்பளியைத் தொங்கவிட்டு முன்னறையை இருட்டாக்கிக்கொள்வார். கம்பளியில் பூச்சி அரித்த ஓட்டைகள் உண்டு. வெயில் அதன் வழியே நுழைந்து சுவரில் பொட்டுப் பொட்டாக நிற்கும். ஊரார் துணியெல்லாம் தைக்கிறவர் அதை மட்டும் தைக்கவில்லை. ஷார்ஜாவில் வேலை பார்க்கிற மகன் ஃபைசான் வாங்கிவந்த ப்ளூ-ரே பெட்டியில் ஒரு தட்டைச் செருகிவிட்டு, பாயில் சாய்ந்துகொள்வார். எல்லாம் ஐம்பது அறுபது வருஷத்துப் பழைய படங்கள். நாற்பத்தேழு தட்டு சேர்த்திருந்தார். பட்டுச்சேலை வைக்கிற அட்டைப்பெட்டியில், சேலைக்குச் சுற்றுகிற வெள்ளைக் காகிதத்தைச் சுற்றி அடுக்கியிருந்தார்.

கதை எப்படிப் போகிறது என்பதில் அவருக்கு அவ்வளவு நாட்டம் கிடையாது. பழசாகிக் கீறல் விழுந்த பிலிமை எப்படிச் செப்பனிட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதில்தான் கண். டிவியின் வெளிச்சத்தைக் குறைத்து, கூர்மையைக் குறைத்து, படத்தை வழுக்கிக்கொண்டு ஓடவைக்கிற பொத்தானையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் உட்காருவார். அவரோடு உட்காருவதற்கு ஐயம்பேட்டை தனசேகரன் வருவான். பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. இவனுடைய பெரியப்பாவும் ஜான் பாஷாவும் மூன்றாம் வகுப்போடு சேர்ந்தே பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். ரஃபுக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்து ஒரு மணிநேரம் காலை நீட்டிவிடுவான்.

"படம் பளபளன்னு இருக்குதே பாய், இதுல இன்னா கொறை கண்டீங்க?"

"பளபளன்னு இருக்குதில்ல, அதான் கொறை. அந்தம்மா கன்னத்தப் பாரு. மெழுகு ஊத்தி வெச்ச மாதிரி இல்ல? பவுடர் எங்க, வேர்வை எங்க?"

"இந்த வயசுல அடுத்தவங்க கன்னத்த உத்துப் பாக்கறீங்க. உள்ள அண்ணி கேட்டுக்கினு இருக்காங்க."

"கேட்டுக்கினுதான் இருக்கேன்," என்றாள் ஜஹனாரா அடுப்படியிலிருந்து. "பாக்கட்டும்பா. நாப்பத்திரெண்டு வருஷமா என் கன்னத்துலயா பாத்தாரு? வந்த நாள்லருந்து என் பொடவைலதான் நூல் பிரிஞ்சிருக்குதான்னு பாக்கறாரு."

பழைய பிலிமில் மெல்லிய மணலைத் தூவினாற்போல ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். அழுக்கு என்று நினைத்து அதை வழித்து எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஜான் பாஷா அதை இழை என்பார். இழையை எடுத்துவிட்டுப் படத்தைச் சுத்தம் செய்தேன் என்றால், துணியை உருவிவிட்டுக் கறையை எடுத்தேன் என்கிற மாதிரி என்பது அவர் கணக்கு. நாற்பத்தேழில் முப்பதை அப்படித்தான் கழித்துப் பெட்டியின் அடியில் போட்டுவைத்திருந்தார்.

இத்தனை உற்றுப் பார்ப்பும் ஒரே ஒருத்திக்காக. ஷாஹீன், அவருடைய ஆபா. கூடப்பிறந்த அக்காவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எட்டு வயது மூத்தவள். பதினெட்டு வயதில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோ எடுக்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவள் போவதற்கு முந்தின ஐப்பசியில் திருமுக்கூடலில், மூன்று ஆறு கூடுகிற மணலில், 'மூன்றாற்று மணல்' என்ற படத்துக்குப் படப்பிடிப்பு நடந்தது. கதாநாயகி கட்டவேண்டிய சேலை முள்ளில் மாட்டிக் கிழிந்துபோக, கரீம் பாஷாவைக் காரில் அழைத்துப்போனார்கள். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க ஷாஹீனும் கூடப் போனாள். பத்து வயது ஜான் பாஷா மணல்வாரி அம்மை கண்டு வீட்டில் படுத்திருந்தான். சாயங்காலம் திரும்பி வந்தவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, "ஓடத்துக்குக் காத்துக்கினு இருக்கற கூட்டத்துல என்னையும் நிக்க வெச்சாங்கடா ஜானு," என்றாள். படம் வெளியானபோது அவள் இல்லை. வீட்டில் யாரும் போய்ப் பார்க்கவுமில்லை.

வருஷம் போகப் போக அவள் முகம் ஜான் பாஷாவிடமிருந்து நழுவிவிட்டது. பல்லால் நூலைக் கடித்து அறுக்கிற சத்தம் நினைவிருந்தது. கனவில் வருவாள். ஆற்றுக்கு நடுவில், தண்ணீர்மேல் பாய் விரித்து உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருப்பாள். இவர் கரையிலிருந்து கூப்பிடுவார். நிமிர்ந்தால், அந்த மெழுகு முகங்களைப் போல மூக்கும் கண்ணும் கரைந்த ஒரு வெள்ளை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் படம் தட்டில் வந்தது. ஓடக்கரைக் காட்சி நான்கு விநாடிதான். இடது ஓரத்தில் குடத்தோடு ஒரு பெண் சிரித்தபடி நின்றாள். முகத்தை மழுங்க வழித்திருந்தார்கள். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் அந்த வயதுப் பெண் அவள் ஒருத்திதான் முகம் காட்டினாள். ஆபாதான் என்று ஜான் பாஷா அழுதார். அதிலிருந்து பெருநாளுக்குப் பெருநாள் வாலாஜா சின்னம்மா பிள்ளைகள், வேலூர் மாமி மக்கள் எல்லாரும் வந்து முன்னறையில் உட்கார்ந்து நான்கு விநாடி பார்த்துவிட்டுத்தான் பிரியாணியில் கை வைப்பார்கள். தான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்ட நாத்தனாரைப் பார்த்திராத ஜஹனாரா, டிவியைப் பார்த்து மெதுவாக சலாம் சொல்லுவாள்.

போன மாசியில் அதே படம் மறுபடி வந்தது. வெளிநாட்டுக் காப்பகம் ஒன்றில் மூல நெகடிவ் கிடைத்து, அதிலிருந்து புதிதாகச் செய்த தட்டு. இதிலாவது ஆபாவின் முகம் மெழுகு விலகித் தெரிந்துவிடாதா என்று ஜான் பாஷா இரண்டு மாதம் காத்திருந்தார். கூரியர்காரன் கொண்டுவந்தது புதன்கிழமை. வெள்ளி வரைக்கும் பிரிக்காமலே வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை கம்பளி தொங்கியது. தனசேகரன் வந்தான். அடுப்பை அணைத்துவிட்டு ஜஹனாராவும் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

முதல் காட்சியிலேயே ஜான் பாஷா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இழை இருந்தது. ஆறு ஓடுகிறதா, பிலிம் ஓடுகிறதா என்று பிரிக்கமுடியாமல் அறை முழுக்க மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. மணலில் கால் பதிந்த குழிகள் தெரிந்தன. ஈரம் தெரிந்தது. பிறகு ஓடக்கரை வந்தது. நான்கு விநாடி வந்து போனது.

அவர் திரும்பப் போட்டு நிறுத்தினார். குடத்துப் பெண் இப்போது நன்றாகத் தெரிந்தாள். முன்கையில் கோடுகோடாகப் பச்சை குத்தியிருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி.

"பாய்," என்றான் தனசேகரன் தணிந்த குரலில். "இது கழனி வேலை செய்யற வூட்டுப் பொண்ணு."

"ஆபா கையில பச்சை இல்ல," என்றார் ஜான் பாஷா. பதினொரு வருஷம் அழுத அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாதவர்போல ரிமோட்டைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

மறுபடி ஓடவிட்டார். எத்தனை தரம் என்று யாரும் எண்ணவில்லை. பிறகு பாயிலிருந்து எழுந்து, டிவிக்கு ஒரு முழம் தள்ளி மண்டிபோட்டார். கூட்டத்தின் வலது பக்கம், ஆற்றைப் பார்த்து முதுகு காட்டி ஒருத்தி நின்றிருந்தாள். தலையில் போட்டிருந்த தாவணி காற்றில் நழுவித் தோளில் கிடந்தது. பட்டுத் தாவணி. தோளுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கோடு மட்டும் வெளிச்சத்தைத் தனியாகத் திருப்பியது.

"இது நான் போட்ட ரஃபு," என்றார்.

வாடிக்கைக்காரர் ஒருவர் வேண்டாமென்று விட்டுப்போன சேலையில் வெட்டிய தாவணி அது. கரீம் பாஷா வெளியே போயிருந்த நேரத்தில், அதிலிருந்த ஓட்டையைப் பத்து வயதுப் பையன் தானே மூடிப் பார்த்தான். பாவையும் பார்க்காமல் ஊடையையும் பார்க்காமல் குறுக்கே இழுத்து, துணி சுருங்கிப்போனது. கரீம் பாஷா கையை ஓங்கினார். "என் தாவணி, நான் கட்டிக்கறேன், உங்களுக்கு இன்னா வந்துச்சு?" என்று குறுக்கே வந்து நின்றாள் ஷாஹீன். சொன்னபடியே கட்டிக்கொண்டாள்.

ஜான் பாஷா பழைய தட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அதே தோள், அதே இடம். வழவழவென்று இருந்தது. பிலிமில் விழுந்த கீறல் என்று நினைத்து அந்தக் கோட்டைத் துடைத்து எடுத்திருந்தார்கள்.

"அவனுங்க போட்ட ரஃபுல உங்க ரஃபு காணாம பூட்சா?" என்றான் தனசேகரன். ஜான் பாஷா சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்று, தோள் மட்டும் குலுங்கியது. தனசேகரன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

"அப்ப இத்தன பெருநாளா நான் சலாம் சொன்னது யாருக்குங்க?" என்று கேட்டாள் ஜஹனாரா.

"தெரியலையேமா."

அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "யார் வூட்டுப் பொண்ணோ. அவங்க வூட்லயும் தேடுவாங்க. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

புதுத் தட்டு மறுபடி உள்ளே போனது. காட்சி முடிகிற இடத்தில், கரையில் யாரோ கூப்பிட்டதுபோல முதுகு காட்டியவள் தலையைத் திருப்பத் தொடங்கினாள். முகம் வருவதற்குள் வெட்டிவிட்டார்கள். ஜான் பாஷா காட்சியை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினார். பின்னல் அசைந்தது. கழுத்து அசைந்தது. கடைசி பிரேமில் ஒரு காதும் கன்னத்தின் விளிம்பும் வந்து நின்றன. அவ்வளவுதான். இதற்கு மேல் உலகத்தில் ஷாஹீன் இல்லை.

"மூஞ்சி இல்ல," என்றார் அவர். "அவ்ளோதான்."

ஜஹனாரா தவழ்ந்து பக்கத்தில் வந்து பார்த்தாள். திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"இது உங்க காதுங்க."

"இன்னாது?"

"மேல மடிஞ்சி, கீழ ஒட்டிக்கினு. பின்னால இருந்து பாத்தா அச்சா இதான். நாப்பத்திரெண்டு வருஷமா நீங்க செவுத்துப் பக்கம் திரும்பிப் படுக்கறீங்க. எனக்குத் தெரியாத காதா இது?"

ஜான் பாஷா கையைத் தூக்கித் தன் காதைத் தடவினார். மடிப்பு விரலில் தட்டியது. அறுபத்தைந்து வருஷம் கூடவே வைத்துக்கொண்டு அலைந்தும் அதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"இன்னொரு தபா போடுங்க," என்றாள் ஜஹனாரா. "அவங்க திரும்பறதுக்கு முன்னாடியிருந்து."