ஊசிக்கு முன்பே கறுத்த நெறிக்கட்டி

எங்கள் ஸ்கேன் சென்டரில் நாய்களுக்கென்று ஒரு நாள் இருந்தது. அமாவாசை. திருப்பதியில் தெலுங்குக்காரர்கள் அன்றைக்கு எந்தக் காரியத்தையும் தொடங்க மாட்டார்கள். ஸ்கேன் எடுக்கவும் வர மாட்டார்கள். ஆந்திராவின் தமிழ் எல்லை ஊரான விஜயபுரத்துத் தமிழனான எனக்கு அது நல்ல நாள், மேனேஜருக்கு அது காலி நாள். ஆகவே வெட்டர்னரி டாக்டர் பாஸ்கர் தன் கேஸ்களை அன்று கொண்டுவர அனுமதி வாங்கியிருந்தார்.

புதிதாக இந்த ஸ்கேன் டெக்னீஷியன் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. மெஷினை ஒருநாளும் முழுசாக அணைப்பதில்லை. எங்களுடையது ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரி கழித்துப்போட்டது. இறக்குமதிக்கு வழி திறந்த பிறகு சென்னைத் துறைமுகம் வழியாக வந்து இறங்கியது. கூட்டத்தில் காதில் விழாத, காந்தத்தைக் குளிரவைக்கும் அதன் ஹீலியம் பம்ப், அமாவாசைப் பகலில் கட்டடம் முழுக்கக் கேட்கும். சிக், சிக் என்று, உள்ளே யாரோ சப்புக்கொட்டுகிற மாதிரி. ரிட்டயர் ஆகும்வரை எனக்கு அது பழகவே இல்லை.

ஓர் அமாவாசைக்குக் கன்னியம்மா வந்தார். எங்கள் ஊர்ப்பக்கம்தான். மகன் குவைத்தில் டிரைவர். அவன் வளர்த்த நாய் ராமுவுக்கு வாயில் புற்றுக்கட்டி, தாடைக்குக் கீழே வலப்பக்கம் நெறி கட்டியிருந்தது. நோய் அந்த நெறிவரை போயிருந்தால் ஆபரேஷன் செய்து பயனில்லை. மகன் லீவில் வரும்வரை நாய் உயிரோடு இருக்க வேண்டும், அந்த அம்மாவுக்கு அது ஒன்றுதான் கவலை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். "இரும்பு கலந்த கான்ட்ராஸ்ட் ஊசி போடுவோம்மா. நல்ல நெறி இரும்ப இழுத்துக்கினு படத்துல கறுப்பா ஆவும். நோய் புடிச்சது வெளுப்பாவே நிக்கும். இன்னைக்கு ஊசிக்கு முன்னாடி ஒரு படம், நாளைக்கு ஒண்ணு."

"கறுப்பா வந்தா பொழச்சிக்குமா சார்?"

"ஆபரேஷன் பண்ணிப் பொழைக்க வெச்சிடலாம்."

மயக்க ஊசி போட்டாலும் நாய்க்குக் கண் மூடாது. மேஜையில் கிடந்த ராமு கண்ணைத் திறந்தபடி கன்னியம்மாவையே பார்த்தது.

"தூங்கிப்போச்சுன்னீங்க, என்னியே பாத்துகினு கீதே நைனா" என்றார் என்னிடம்.

"மயக்கத்துல அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். எனக்குமே அந்தக் கண்ணைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

முதல் படம் வந்தது. இடப்பக்க நெறி வெளிர் சாம்பல் நிறத்தில் சரியாக இருந்தது. வலப்பக்கத்தில் நெறியே இல்லை. அந்த இடத்தில் கிணறு மாதிரி ஒரு கறுப்பு.

"ஊசி போட்டுட்டியா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல சார். பாட்டில் சீலே உடைக்கல."

இருவரும் டிரேயைப் பார்த்தோம். பாட்டில் அப்படியே இருந்தது. மறுபடி எடுத்தோம், மறுபடி அதே கறுப்பு. பம்ப் அதுபாட்டுக்குச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து கன்னியம்மாவின் குரல். "கறுப்பாத்தானே கீது? நல்லதுதானே சார்?"

டாக்டர் உள்ளே போய் ராமுவின் தாடை மயிரை விலக்கித் தேய்த்தார். விரலில் செந்தூள் ஒட்டியது.

"இன்னாம்மா இது?"

"காவிக்கல் அரச்சி பத்து போட்டேன் சார். நெறி கட்டினா எங்க பக்கத்துல அதான் போடுவோம். ஆஸ்பத்திரிக்கு வரமேன்னு தொடச்சிட்டுத்தான் இட்டுகினு வந்தேன்."

காவிக்கல்லில் இருப்பதும் இரும்புதான். அதுதான் படத்தைத் தின்றிருக்கிறது. பேயோ பிசாசோ என்று நடுங்கிய எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கழுவக் கூப்பிட்ட ஆயாவைக் கன்னியம்மா விடவில்லை. தானே சோப்புப் போட்டு, மக் மக்காக ஊற்றி, தண்ணீர் சிவப்பு மாறித் தெளியும்வரை கழுவினார். பிறகு எடுத்த படத்தில் இரண்டு நெறிகளும் வெளிர் சாம்பல் நிறம். அதன் பின்தான் கான்ட்ராஸ்ட் ஏற்றினோம்.

மறுநாள் பிரதமை, அதுவும் ஆகாத திதி, அன்றும் சென்டர் காலிதான். இடப்பக்க நெறி நன்றாகக் கறுத்திருந்தது. வலப்பக்கம் சோற்றுப் பருக்கை போல வெளுப்பாக நின்றது. நோய் நெறிவரை போய்விட்டது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

கன்னியம்மா அழவில்லை. "நேத்து கறுப்பாத்தானே நைனா இருந்துச்சு?" என்றார்.

"அது காவிக்கல்லும்மா. நெறி இல்ல."

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. "நானே சோப்பு போட்டுக் கழுவி வெளுக்க வெச்சிட்டேனே."

டாக்டர் தமிழில் சொன்னார், தெலுங்கில் சொன்னார். நான் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றையும் நம்பவில்லை. மேஜையில் ராமு கண்ணைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

அதற்குப் பிறகு எந்த நாய் வந்தாலும் பற்றுப் போட்டீர்களா என்று முதலில் கேட்டுவிடுவேன். அது சின்னப் பாடம். பெரிய பாடம் வேறு: எந்த நிறம் வந்தால் நல்லது என்று படம் எடுக்கும் முன்னால் கூட வந்தவர்களிடம் சொல்லாதீர்கள். மகன் லீவில் வருமுன்பே ராமு செத்துவிட்டது. எப்படி என்று அவன் போனில் கேட்டிருப்பான். நோயால் என்று கன்னியம்மா சொல்லியிருக்க மாட்டார், "நான்தான் கழுவிட்டேன்" என்றுதான் சொல்லியிருப்பார்.