ஏரிக்கரையில் ஒரு விடியல்

என் மனைவி மறைந்து ஓராண்டு இன்னும் நிறையவில்லை. துக்க வீட்டார் அதுவரை மலை ஏறுவதோ கும்பிடுவதோ கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். கோலகுபு பாருவுக்கு மேலே, மலைகளுக்கு நடுவிலுள்ள ஏரிப் பூங்காவில் கூடாரமிட்டுத் தங்கலாம் என்று மகள் அழைத்தபோது மறுத்துவிட்டேன். மனைவிக்காக நான் செய்ய எஞ்சியிருந்தது அந்த வழக்கத்தைக் காப்பது ஒன்றுதான்.

"அப்பா, அது சாமி மலைக்குத்தான். இது வெறும் ஏரிப்பா," என்றாள் மகள்.

"நீங்க எங்க மாமா ஏறப் போறீங்க? காடிதான் ஏறும், நான்தான் ஓட்டப் போறேன். நீங்க சும்மா உட்காந்து வாங்க லா," என்றார் மருமகன்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. புறப்பட்டேன்.

மறுநாள் விடியலில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தேன். ஏரியை மூடியிருந்த மூடுபனி மெல்ல விலக, மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து என்னைச் சூழ்ந்தன. அத்தனை பேருருவங்கள் நின்றும் ஓர் ஓசையுமில்லை. இருவாய்ச்சி ஒன்று மறுகரையில் பறந்தபோது அதன் சிறகடிப்பு நீரைக் கடந்து என் செவிக்கு எட்டியது. மூச்சு விடவும் தயங்கி நின்றேன்.

என் கைகள் குவிந்திருந்ததைப் பிறகே கவனித்தேன். வழக்கம் நினைவுக்கு வந்தது. ஆயினும் அவற்றை இறக்க மனம் வரவில்லை.