கொட்டாங்கச்சியில் வந்த ரிக்ஸியா

முப்பத்தோரு வருடம் தாவரவியல் நடத்தியவள் நான். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. இந்த நாலு வருடமும் மழை விட்டதும் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? தோட்டத்தில் துணி துவைக்கிற கல்லைச் சுற்றிப் படர்ந்திருக்கும் பச்சையின் மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, பழைய கரண்டியால் சுரண்டி எறிந்ததுதான். என் வீட்டுக்காரர் ஒரு தடவை அங்கே சறுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்திருந்தார். அதிலிருந்து அந்தப் பச்சையைக் கண்டாலே எனக்கு ஆகாது. பாசி, அவ்வளவுதான்.

போன கார்த்திகையில் தொட்டிச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தது. பழைய லென்ஸைத் தேடி எடுத்துக்கொண்டு போய் முன்னால் உட்கார்ந்தேன். கை நழுவி லென்ஸ் தொட்டி மண்ணில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே இருந்துவிட்டேன். மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு, நாலணா அளவுக்கு ஒரு பச்சை வட்டம். இலையும் இல்லை, தண்டும் இல்லை. ஒவ்வொரு மடலும் நுனியில் இரண்டாகப் பிரிந்து, அந்த இரண்டும் மறுபடி இரண்டாகப் பிரிந்து, நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு பள்ளம். வருடா வருடம் கரும்பலகையில் நான் வரைந்த அதே படம். ரிக்ஸியா! லிவர்வொர்ட் என்கிற ஈரல் செடி வகையில் பிள்ளைகளுக்கு நான் நடத்திய முதல் செடி.

பாசி வழவழவென்று இருக்கும். மாஸ் என்கிற செடி இருக்கிறதே, அது குட்டிக் குட்டி இலையோடு நிமிர்ந்து நிற்கும். இது தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை பார்த்தால் சொல்லிவிடும். ஒருத்தி சொல்லவும் செய்தாள்.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ரிக்ஸியா என்றால் ஃபார்மலின் பாட்டில்தான். வெளுத்துப்போய், நாள்பட்ட ஊறுகாய் மாதிரி அடியில் கிடக்கும். அதைத் தூக்கிக் காட்டி ஒரு நாள் சொன்னேன்: "இதெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் பக்கம்தான் வரும். நம்ம பாண்டிச்சேரி வெயிலுக்கு எங்க வரப்போவுது? வந்தா கொண்டாங்க, நானும் பாக்குறேன்." நக்கலாகத்தான் சொன்னேன்.

மறுநாள் அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண் கொட்டாங்கச்சியில் ஈரமண்ணோடு எதையோ ஏந்திக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தாள். காலை நேரத்துக் கூட்டத்தில் மடியில் வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறாள், பாவாடையெல்லாம் சேறு. "டீச்சர், எங்க வூட்டுக் கெணத்தாண்ட இருந்துது. இதானே டீச்சர்?"

நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "இது பாசிம்மா. வெளிய கொட்டிட்டு, கையக் கழுவிட்டு வந்து உக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிலிருந்து வருடம் முடிகிறவரை பிள்ளைகள் அவளைப் 'பாசி' என்றுதான் கூப்பிட்டார்கள். காதில் விழுந்தும் ஒருத்தியைக்கூட நான் அதட்டவில்லை.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று நான் தேடவே வேண்டாம். மாதாமாதம் நான் பிரஷர் மாத்திரை வாங்குகிற மருந்துக்கடையில்தான் நிற்கிறாள். எத்தனை பேர் நின்றாலும், "வாங்க டீச்சர்" என்று என் சீட்டைத்தான் முதலில் வாங்குவாள். அந்த மரியாதையை இரண்டு வருடமாகக் கொஞ்சமும் கூசாமல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன், சே!

செம்பருத்தித் தொட்டிக்கு அப்புறம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. இரண்டு தெரு தள்ளி வேறு கடைக்குப் போனேன். "அந்தப் பொண்ணு கடைக்கு இன்னா ஆச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "அங்க இந்த மாத்திரை தீந்துபோச்சாம்" என்று புளுகினேன்.

தோட்டத்தில் மட்டும் பெரிய புண்ணியவதி ஆகிவிட்டேன். துவைக்கிற கல்லைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தால், அந்தப் பச்சையிலும் பாசியோடு பாசியாக ரிக்ஸியா இருந்தது. பிளீச்சிங் பவுடர் வாங்குவதில்லை. சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல் வாய்க்காலைத் திருப்பினேன். வீட்டுக்காரர் மறுபடி விழுந்து வைக்கக் கூடாதே என்று நடக்கிற வழிக்குச் செங்கல் பதித்தேன். மழை நின்ற பிறகு தினமும் கையால் தண்ணீர் தெளித்தேன். பொங்கலுக்குத் தோட்டம் பெருக்க வந்த வேலைக்கார அம்மாவை அந்த மூலையில் விளக்குமாறு வைக்கவே விடவில்லை. இதெல்லாம் செய்தால் மனசு ஆறும் என்று பார்த்தேன். எங்கே ஆறியது? செடியிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். அது திருப்பிப் பார்க்காது.

தை மாதம் ஒரு நாள் வந்தது வரட்டும் என்று, ஒரு கொட்டாங்கச்சியில் மண்ணோடு கொஞ்சம் பெயர்த்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நாலைந்து பேர் நின்றார்கள். கண்ணாடி மேசைமேல் அதை வைத்தேன்.

"இன்னா டீச்சர் இது?" என்றவள், குனிந்து கிட்டே பார்த்தாள்.

"எங்க வூட்டுத் தொட்டியில வந்துது. ரிக்ஸியா. நீ அன்னைக்குக் கொண்டாந்தியே, அதுவும் இதான். எனக்குத் தெரியாமப் போச்சும்மா."

"அட, வுடுங்க டீச்சர்! தெரியாமத்தானே சொன்னீங்க" என்றாள்.

எத்தனை நல்ல மனசு! தப்பித்தோம் என்று படி இறங்கினேன். இறங்கியவளுக்கு அடுத்த அடி வைக்க முடியவில்லை. சரியாகப் பார்க்கக்கூட இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேனே, அது பொய். பார்த்தேன். நுனி இரண்டாகப் பிரிந்திருந்ததைப் பார்த்தேன், நடுப்பள்ளத்தையும் பார்த்தேன். முதல் நாள்தான் அத்தனை பேர் முன்னால் வராது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பதினாறு வயசுப் பெண் கொட்டாங்கச்சியோடு வந்து என் வாயை அடைத்தால் என் கெத்து என்ன ஆவது? அவ்வளவுதான் காரணம். அப்புறம் பாசி, பாசி என்று எனக்கே சொல்லிக்கொண்டு, நானே அதை நம்பியும்விட்டேன்.

திரும்பப் படியேறினேன். "பொய் சொல்லிட்டேம்மா. அன்னைக்கு நான் பாத்தேன். அதுதான்னு தெரிஞ்சேதான் பாசின்னு சொன்னேன்."

நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். அவள் கையிலிருந்த மருந்துச் சீட்டைக் கீழே வைத்தாள்.

"தெரியும் டீச்சர். நீங்க அதப் பாத்துட்டு இருந்தீங்க. நான் உங்க மூஞ்சியப் பாத்துட்டு இருந்தேன். அதுக்கப்புறம்தான் நான் கிளாஸ்ல எதுவும் கேக்கறத வுட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கொட்டாங்கச்சியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத எங்க வெக்கட்டும் டீச்சர்? உள்ள ஏசி காத்து பட்டா காஞ்சிடுமா?"

முப்பத்தோரு வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் நான் சொல்லாத பதில் அது. அன்றைக்குத்தான் வாயில் வந்தது.

"எனக்குத் தெரியாதும்மா."