நங்கூரம் போட்டதும் ஊற்றிய எண்ணெய்

தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களை ஏற்றிச் செல்லும் லாஞ்சுக்கு நான் டிரைவர். இஞ்சின் சூடாக இருந்தால் பழைய எண்ணெய் எளிதாக வடியும் என்பதால், நங்கூரம் போட்டதும் அதை வடித்துக் கடலில் ஊற்றிவிடுவேன்.

போன வருடம் புதுத் துறைமுகத்துக்கு வெளியே அப்படித்தான் ஊற்றினேன். அதற்குள் சங்கெடுக்கக் குதித்து மூழ்கியிருந்த என் மைத்துனர் சூசை, மூச்சு முட்டி மேலே வந்து நேராக அந்த எண்ணெய்க்குள் தலையை நீட்டினார். கண்ணைத் திறக்க முடியவில்லை. நாங்கள் எறிந்த கயிறு இரண்டு முறை அவர் கையிலிருந்து வழுக்கியது. மூன்றாம் முறை அதைக் கக்கத்தில் சுற்றிக்கொண்டார், இழுத்து ஏற்றினோம்.

“நான் கீழ கெடக்கேன்னு ஒமக்குத் தெரியாதா மச்சான்?” என்றார்.

தெரியும். கடல் பெரியதுதானே என்று நினைத்துவிட்டேன்.

இப்போது பழைய எண்ணெயை டின்னில் பிடித்து, அதை வாங்கிச் சுத்திகரிக்க அனுப்பும் கடை அண்ணாச்சியிடம் சேர்க்கிறேன். எண்ணெய் மாற்றும் நாளில், சூசை டின்னை ஆட்டிப் பார்த்த பிறகுதான் குதிக்கிறார்.