சலவைக்கூடத்து டாக்டரம்மா

அந்த ஓட்டலின் சலவைக்கூடம் தரைக்கு அடியில் இருந்தது. மேலே விருந்தாளிகள் நடமாடும் ஓசை அங்கே இறங்கி வராது. இயந்திரங்கள் நாள் முழுக்க ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். வெள்ளை விரிப்புகள் சூடான இஸ்திரி உருளைக்கு அடியில் ஈரமாக நுழைந்து, மறுபக்கம் வெதுவெதுப்பாக வழிந்து வரும். ஆவி கூரைவரை எழும்பி, விளக்குகளைச் சுற்றிப் பால்போலத் தங்கிவிடும். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மணி என்ன, கிழமை என்ன என்பதெல்லாம் மறந்துபோகும்.

பதினாறு வருடமாக அந்த உருளைக்கு முன்னால் நிற்பவளை எல்லோரும் 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். படித்தது பத்தாம் வகுப்பு. பட்டம் கொடுத்தது கைப்பேசி.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவளுடைய விரல்கள் மடங்க மறுத்தன. பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை. மூட்டுகள் பழம்போலக் கனிந்து வீங்கியிருந்தன. பல சோதனைகளுக்குப் பிறகு மருத்துவர் முடக்குவாதம் என்றார்.

"வீட்டைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டு மேல கல்லெறியுறான்னு வச்சுக்கோங்க. அவனைக் கொஞ்சம் அடக்கி வைக்கத்தான் இந்த மாத்திரை. இது முழுசாப் போகாது. ஆனா அடங்கி இருக்கும்."

அவர் சொன்ன கடைசி வார்த்தை அவள் காதில் ஏறவில்லை. 'போகாது' என்பது மட்டும் ஏறியது. அன்று திரும்பும்போதே கைப்பேசியில் தேட ஆரம்பித்தாள்.

மாத்திரைகள் தம் வேலையைச் செய்தன. ஆறு மாதத்தில் வீக்கம் வடிந்தது, பழையபடி வேலைக்கு வந்தாள். ஆனால் தேடல் மட்டும் வடியவில்லை. நாக்கில் ஒரு புண் வந்தால் தேடுவாள். கண் உறுத்தினால் தேடுவாள். ஒரு பக்கத்தைத் திறந்தால் அதற்குள் இன்னொரு கதவு, அதற்குள் இன்னொன்று. உலர்ந்த கண்ணில் நுழைந்தவள் நுரையீரல் வழியாகப் போய் இதயத்தில் வெளியே வருவாள். யாரோ, எந்த ஊரிலோ, எப்போதோ எழுதிவிட்டுப் போன வேதனையெல்லாம் தன் உடம்புக்குள் வந்து குடியேறுவதுபோல இருக்கும். படித்த நோய் பத்து நிமிடத்தில் வலிக்கத் தொடங்கும்.

மதியச் சாப்பாட்டு வேளையில் துண்டுகள் அடுக்கும் அறைக்குப் போய்விடுவாள். சூடு ஆறாத துண்டுக் கட்டுகளுக்கு நடுவே சாய்ந்துகொள்வாள். சுவரின் உச்சியில் தெருமட்டத்துக்கு ஒரு சின்ன ஜன்னல். அதில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பாதி விழிப்பும் பாதி உறக்கமுமாக அவள் கைப்பேசியையும் அந்தக் கால்களையும் மாறி மாறிப் பார்ப்பாள். இந்தக் கால் நொண்டுகிறது, இடுப்பாக இருக்கும். இந்தக் கணுக்கால் வீங்கியிருக்கிறது, சிறுநீரகமோ என்னவோ. முகமில்லாத ஊர் ஒன்று முழுக்க நோயோடு வெயிலில் மிதந்துபோவதுபோலத் தோன்றும்.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். பேச்சில் சிக்கனம், பொறுமையில் தாராளம்.

"ஏங்க, இந்த மச்சம் போன வாரமும் இவ்வளவு பெருசாவா இருந்துச்சு?"

"அது மச்சம் இல்ல. பேனா மை."

அவள் தேய்த்துப் பார்த்தாள். போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க. கொஞ்சம் கண்ணை மூடிப் படும்மா" என்றார்.

சலவைக்கூடத்தில் மட்டும் அவள் தேடலுக்கு மதிப்பு இருந்தது. யாருக்கு என்ன வந்தாலும் டாக்டரம்மாவிடம்தான் வருவார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. அடுத்தவர் நோயைத் தேடும்போது தன் நோய் கொஞ்சம் தள்ளி உட்காரும்.

துண்டு மடிக்கும் பெண்மணியை எல்லோரும் துண்டக்கா என்பார்கள். தனிக்கட்டை, வயது ஐம்பத்தெட்டு, ஊருக்கே கேட்கிற சிரிப்பு. ஒருநாள் வலது கையை உதறிக்கொண்டே வந்தார்.

"விடியக்காலையில விரலெல்லாம் மரத்துப்போகுது டாக்டரம்மா. என்னன்னு பாரேன்."

டாக்டரம்மா பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த முதல் பக்கம் மூளையைப் பற்றியது. முகம் சுண்டிப்போய், "அக்கா, பயப்படாதீங்க, ஆனா மூளையில கட்டி இருந்தாலும் இப்படி வருமாம்" என்றாள்.

பயப்படாதே என்று சொல்லிப் பயமுறுத்துவதைவிட வேறு என்ன வேண்டும்? துண்டக்காவின் சிரிப்பு அன்றோடு நின்றது. ஒன்பது நாள் யாரிடமும் பேசாமல் துண்டு மடித்தார். பத்தாவது நாள் மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்து, டாக்டரம்மாவின் எதிரில் நின்றார்.

"மணிக்கட்டுல ஒரு நரம்பு அமுங்குதாம். தூங்குறப்ப பட்டி கட்டிக்கணுமாம். அவ்வளவுதான்."

"அப்பாடா! நல்லவேளை அக்கா."

"என்ன நல்லவேளை? தையல் மெஷின் யாருக்கு, பூனை யாருக்குன்னு தாள்ல எழுதி வச்சிட்டேன்டி. பூனையை யாரும் வாங்கிக்க மாட்டேங்குறாங்க. அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்."

சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. ஒன்பது நாளில் அந்த முகம் எவ்வளவு ஒடுங்கிவிட்டது! மூன்று வருடமாகத் தன் முகமும் வீட்டில் இப்படித்தான் இருந்திருக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுவாரம் மூட்டு சிகிச்சைப் பிரிவில் இரத்தம் எடுக்கும்போது அங்கிருந்த நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நர்ஸ் ஊசியை எடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே கேட்டார்.

"தேடாதீங்கன்னு சொன்னா விட்டுடுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப நேரம் வச்சுத் தேடுங்க. ஒரு நாளைக்குப் பதினஞ்சு நிமிஷம், அதுவும் உட்கார்ந்து. புதுசா ஏதாவது தோணுச்சுன்னா தேதி போட்டு நோட்டுல எழுதுங்க. மூணு நாள் தாண்டியும் இருந்தா எனக்குச் சொல்லுங்க. ஆனா சிலதுக்குக் காத்திருக்கவே கூடாது." ஒரு தாளை எடுத்து எழுதினார். "காய்ச்சல், மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி. நீங்க சாப்பிடுற மாத்திரைக்கு இதெல்லாம் உடனே கூப்பிட வேண்டிய விஷயம். நோட்டு வேண்டாம், கூகுள் வேண்டாம், இந்த நம்பர்தான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்கு நோய் ஒண்ணு, பயம் ஒண்ணு. ரெண்டும் நெசம்தான். பயத்தைப் பத்திப் பேசவும் இங்க ஒரு ஆள் இருக்காங்க. வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமைகளில் போனாள். சுலபமாக இல்லை. கை தானாகக் கைப்பேசியைத் தேடிப் போகும். சொறிந்துகொள்ள முடியாத இடத்தில் அரிப்பதுபோல இருக்கும். முதல் வாரம் இரண்டு முறை கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டு திருட்டுத்தனமாகத் தேடினாள். பிறகு மெல்லப் பழகியது. முதல் மாதம் நோட்டில் முப்பத்தொரு வரிகள். அதில் மூன்று நாளைத் தாண்டியவை நான்கு. மற்ற இருபத்தேழும் வந்த சுவடு தெரியாமல் போயிருந்தன. அந்தப் பக்கத்தை அவள் கணவரிடம் காட்டினாள். அவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்து, "காது மடல் சூடுன்னு ஒரு நோய் இருக்கா?" என்று கேட்டார். இரண்டு பேரும் வெகுநாளைக்குப் பிறகு சேர்ந்து சிரித்தார்கள்.

ஐந்து மாதம் போனது. ஒரு முற்பகல், உருளைக்கு முன்னால் நிற்கும்போது அவளுக்குக் குளிரெடுத்தது. உடம்பு வேர்த்துக் கொட்டும் அந்த அறையில், ஆவிக்கு நடுவில் குளிர்! விரிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிபோல வந்து விழுந்தன. ஓசைகள் எங்கோ தூரத்துக்கு விலகிப் போயின. 'பழைய பயம்தான். நோட்டில் எழுது, மூன்று நாள் பொறு' என்றது மனம். 'ஊரைக் கூட்டிப் பயமுறுத்தியவள்தானே நீ' என்றும் சொன்னது.

துண்டக்கா வந்து அவள் நெற்றியில் கை வைத்தார். "அடியே, கொதிக்குது!"

"அப்ப இது நோட்டுல எழுதுறது இல்லக்கா."

சீருடைப் பையிலிருந்து நர்ஸ் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பிரித்தாள். எழுத்துகள் நீந்தின. துண்டக்கா எண்களை ஒவ்வொன்றாகப் படிக்க, அவள் அழுத்தினாள். மறுமுனையில் நர்ஸ் இரண்டே கேள்வி கேட்டார். "இப்பவே கிளம்பி வாங்க. யாராவது கூட வரட்டும்."

நுரையீரலில் கிருமித்தொற்று. நான்கு நாள் படுக்கையில் இருந்தாள். முதல் இரண்டு நாள் காய்ச்சலில் எங்கெங்கோ அலைந்தாள். முடிவில்லாத வெள்ளைத் துணி ஒன்று அவளைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்கு மேலே ஜன்னல்கள், ஜன்னல்களில் கால்கள். எந்தக் காலுக்கும் அவள் நோயின் பெயர் வைக்கவில்லை. அவை பாட்டுக்கு நடந்துபோயின. கண் விழித்தபோதெல்லாம் பக்கத்தில் கணவர் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் தெளிந்ததும் அவள் முதலில் சொன்னது, "இந்த விரிப்பை யாரு இஸ்திரி போட்டாங்க? ஓரமெல்லாம் கோணல்."

"சரி, பிழைச்சுட்டே" என்றார் அவர்.

மருத்துவர், ஒருநாள் தள்ளியிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார். அவள் நோட்டில் எழுதி வைத்திருந்த மூன்று கேள்விகளைக் கேட்டாள். இரண்டுக்குப் பதில் கிடைத்தது. மூன்றாவதுக்கு, "எனக்கே சரியாத் தெரியலம்மா, பார்த்துச் சொல்றேன்" என்றார். தெரியாது என்று ஒருவர் சொல்லியும் தன் கை கைப்பேசியைத் தேடிப் போகாதது அவளுக்கே வியப்பாக இருந்தது.

வீடு திரும்ப, கணவர் வழக்கமாக ஓட்டும் தடத்திலேயே பேருந்து ஏறினார்கள். வேறு ஒருவர் ஓட்டினார். மழை பெய்து விட்டிருந்தது. தெருக்கள் கண்ணாடி வழியே கரைந்து கரைந்து பின்னால் போயின. தலையை அவர் தோளில் சாய்த்திருந்தவள், அவருடைய வலது கால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் தரையை அழுத்துவதைக் கண்டாள்.

"என்ன பண்றீங்க?"

"பிரேக் போடுறேன்."

"இங்க பிரேக்கே இல்லையே!"

"தெரியும். கால் கேக்க மாட்டேங்குது."

அவள் சிரித்தாள், இருமினாள், மறுபடியும் சிரித்தாள். அடுத்த நிறுத்தத்தில் அவருடைய முழங்காலின் மேல் கையை வைத்து லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பேருந்து தானாகவே நின்றது. யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள்.