ஆயுத பூஜைக்குத் துடைத்த பெட்டி

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான் நான். எல்லாரையும் மன்னிக்கச் சொல்கிறார்கள். முக்கால்வாசிப் பேரை மன்னித்தாயிற்று. அந்த சீனியர் லெக்சரரை மட்டும் முடியவில்லை. முயற்சி செய்யவுமில்லை.

எண்பதுகளின் நடுவில், சேலத்தில் ஒரு பாலிடெக்னிக்கின் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் நான் தற்காலிக இன்ஸ்ட்ரக்டர். சூரமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வருவேன். அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றுவிட்டார். வீடு என் சம்பளத்தை நம்பித்தான் ஓடியது. அந்த வருடம் மாணவர்கள் ஐ.சி. சில்லுகளைப் பழகுவதற்கென்று புதிதாகச் சில பலகைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தகரப் பெட்டியில் பவர் சப்ளை. பிளஸ் பன்னிரண்டு வோல்ட் ஒரு பக்கம், மைனஸ் பன்னிரண்டு வோல்ட் மறுபக்கம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பலகை வெறும் பலகைதான்.

ஆயுத பூஜைக்கு முன்பு லேபைச் சுத்தம் செய்தோம். பூஜையில் முன்வரிசையில் வைக்க ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, துணியும் ஸ்க்ரூ டிரைவருமாக சீனியர் உட்கார்ந்திருந்தார். நாமக்கல் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். உதவலாம் என்று கை நீட்டினேன்.

"அம்மிணி, நீங்க வேதக்காரங்க. பூஜைக்கு வெக்கற சாமானத்துல கை வெக்க வேண்டாங்க. அப்படி ஓரமா நில்லுங்க."

அதிலும் அந்த "ங்க" வேறு. இந்தப் பக்கத்தில் அவமானத்தைக்கூட மரியாதையோடுதான் பரிமாறுவார்கள். மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கதவோரம் போய் நின்றேன். கடைசியில் ஒரு கை பொரி கிடைத்தது.

பூஜையில் வைத்ததை அன்று யாரும் எடுக்க மாட்டார்கள். லேபைப் பூட்டிவிட்டார்கள். விடுமுறை முடிந்து வந்து, அந்தப் பெட்டியில் பலகையை மாட்டி முதலில் சுவிட்சைப் போட்டது நான். பட்டென்று மைனஸ் பக்கத்து ஃப்யூஸ் போயிற்று.

சீனியர் நேராக என்னைப் பிரின்சிபாலிடம் கூட்டிப்போனார். "இந்த அம்மிணி என்னமோ தப்பா மாட்டிப்போட்டுதுங்க. புதுச் சாமானமுங்க. இந்த மாசத்தோட அனுப்பிச்சுட்டு வேற ஆளைப் போட்டுக்கலாமுங்க." நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். சாயங்காலத்துக்குள் காரணத்தைக் காட்டுகிறேன் என்று பிரின்சிபாலிடம் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் பெட்டிக்குப் புது ஃப்யூஸ் போட்டேன். அதுவும் போயிற்று. ஆக, பலகையை நான் மாட்டியதில் தப்பில்லை. பிளஸ் பக்கம் சரியாகப் பன்னிரண்டு காட்டியது. பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறந்தேன்.

வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர்கள் இரண்டையும், சூடு தணிவதற்காகப் பெட்டியின் தகரத்தோடு சேர்த்து முடுக்கியிருப்பார்கள். பிளஸ் ரெகுலேட்டரின் முதுகு தகரத்தைத் தொடலாம். மைனஸ் ரெகுலேட்டரின் முதுகில் மின்சாரம் இருக்கும், தொட்டால் ஷார்ட். அதனால் நடுவில் மெல்லிய மைக்காத் தாள் ஒன்றை வெள்ளைப் பசை தடவி வைப்பது வழக்கம். முதுகுக்கும் தகரத்துக்கும் மீட்டரை வைத்தேன். முள் பூஜ்யத்துக்குப் பாய்ந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தித் தூக்கினேன், முள் திரும்பிவிட்டது. அடியில் பசையும் இல்லை, மைக்காவும் இல்லை. தகரம் விளக்கிய பாத்திரம்போல மின்னியது.

புதுத் தாளை வைத்துப் பெட்டியை ஓடவிட்டிருந்தால் என் வேலை தப்பியிருக்கும். எனக்கு அது போதவில்லை. திறந்தது திறந்தபடி வைத்துவிட்டு பிரின்சிபாலையும் சீனியரையும் லேபுக்கு அழைத்தேன்.

"சார், பூஜைக்கு இந்தப் பெட்டியைத் தொடச்சது யாருங்க?"

"நான்தான்."

"வேற யாராவது கை வெச்சிருப்பாங்களா?"

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பூஜைச் சாமானத்துல வேற ஆளைக் கை வெக்க உடுவனா? உள்ளுக்குள்ளயும் நான் ஒருத்தனேதான் சுத்தம் பண்ணுனேன். வெள்ளையா என்னமோ அப்பிக் கெடந்துச்சு. தாளோட உரிச்சு எறிஞ்சுபோட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும். அவர் திறக்காத இன்னொரு பெட்டியைத் திறந்து, வெள்ளைப் பசையையும் மைக்காவையும் பிரின்சிபாலுக்குக் காட்டினேன். பிறகு கெட்ட பெட்டியில் புதுத் தாளும் ஃப்யூஸும் போட்டு, "நீங்களே சுவிட்சைப் போடுங்க சார்" என்று சீனியரிடம் சொன்னேன். போட்டார். மைனஸ் பன்னிரண்டு வந்தது. அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. நான் நன்றாகப் பார்த்தேன்.

என் வேலை நிலைத்தது. நான் இல்லாமல் எந்தப் பெட்டியையும் யாரும் திறக்கக் கூடாது என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சீனியர் துணியோடு என்னிடமே வந்தார். "அம்மிணி, பெட்டியெல்லாம் நீங்களே தொடச்சுப்போடுங்க. எனக்கெதுக்குங்க வம்பு."

வருடம் பூராவும் இதற்காகத்தான் காத்திருந்தேன். "நான் வேதக்காரிங்க சார். பூஜைச் சாமானத்துல கை வெக்கலாமுங்களா?" என்று சொல்லிவிட்டு, அதே கதவோரம் போய் நின்றேன். மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தூசியின் மேலேயே சந்தனப் பொட்டு வைத்தார்.

பொரி கொடுத்தார்கள். இந்த முறை இரண்டு கை வாங்கிக்கொண்டேன்.