சைரன் ஊதிய சாயங்காலம்

மாத்தளையில் மூங்கில் மட்டையால் எல்லே பந்தாட்டம் விளையாட எங்கள் கார்மென்ட் தொழிற்சாலைப் பெண்களை விட்டால் ஆளில்லை என்று பெருமையடிப்போம். கார்மென்ட்டை மூடிய மறுவாரம் இறுதிப்போட்டி. கம்பெனி பேர் போட்ட டீ-சேர்ட்டோடு பலாபத்வலை மைதானத்துக்குப் போய் ஜெயித்தோம்.

ஜெயித்த கப்பை கன்டீனில் வைப்பது வழக்கம். திரும்பும்போது பழக்கத்தில், கார்மென்ட் இருக்கும் அலுவிகாரையில் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டோம். கேட்டில் பூட்டு.

"உள்ள விட முடியாதுங்க தங்கச்சி. அதுக்காகச் சும்மா போவீங்களா?" என்ற காவல்கார அண்ணன், எங்களைச் சந்தோஷப்படுத்த வேலைக்குக் கூப்பிடும் சைரனை ஊதவிட்டார். நாங்கள் கப்பைத் தூக்கிக்கொண்டு ஆடினோம்.

எதிர்வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். என் பக்கத்து மெஷினில் தைத்த சித்ரா அக்காதான் முதலில். கழுத்தில் கார்மென்ட் அடையாள அட்டை.

"திறந்துட்டாங்களா?"

எங்கள் ஆட்டம் நின்றது. அக்கா கப்பைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"ஜெயிச்சிட்டீங்களா?" என்று கேட்டபடி அட்டையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

கப் இப்போது என் வீட்டு அலுமாரி மேல் இருக்கிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம், அன்றைக்குத் தோற்றிருக்கலாம் என்று தோன்றுகிறது. நேரே வீட்டுக்குப் போயிருப்போம். அவர்களும் ஓடி வந்திருக்க மாட்டார்கள்.